இரட்டைத்தீவு ஏன் ஒன்றாக இருக்கிறது

வடதுருவக் கடலில், ஆளில்லாத அந்தத் தீவுக்குப் பேர் இரட்டைத்தீவு. இருப்பது என்னவோ ஒன்றுதான். எட்டு மாதம் பனிக்கட்டிக்குள் கிடக்கும். மிச்ச நாளெல்லாம் மூடுபனியும் காற்றும். மரம் என்று பேருக்கு ஒன்று கிடையாது. கோடையில் சுற்றிலும் தண்ணீர் நிற்பதால் நரி வராது; அந்த தைரியத்தில் கடல்வாத்துகள் அங்கே முட்டையிடும்.

அந்தக் கூடுகளில் வாத்துகள் பரப்பியிருக்கும் மெல்லிறகை எடுக்க, கரையில் வாழும் சியாசி என்பவள் ஒவ்வொரு ஜூலையும் கணவன் லூக்காசியோடு படகில் போவாள். முட்டையின் சூட்டுக்கு வேண்டிய அளவு விட்டுவிட்டு மிச்சத்தைத்தான் எடுப்பாள்.

கல்யாணமாகி வந்த வருஷமே கேட்டாள்: "ஒண்ணுக்கு எதுக்குய்யா ரெண்டுன்னு பேரு?"

"எங்க முன்னோருக்கு எண்ணத் தெரியல. விடேன்," என்று லூக்காசி சிரித்தான்.

அவள் விடவில்லை. முப்பத்தெட்டு வருஷம் கேட்டுக்கொண்டே இருந்தாள். எண்ணிக்கை தப்பியதோ என்று தீவைச் சுற்றி நடந்துகூடப் பார்த்தாள்.

இந்த வருஷம் தீவின் நடுப்பள்ளத்தில் வழுக்கி விழுந்தாள். பாசி பெயர்ந்த இடத்தில் கொத்துக்கொத்தாகச் சிப்பிகள். அள்ளிவந்து கணவன் மடியில் கொட்டினாள்.

"பாரு, இங்க கடல் ஓடியிருக்கு. தரை கொஞ்சம் கொஞ்சமா மேல வந்து ரெண்டும் ஒட்டிக்கிச்சு. அவங்களுக்கு எண்ணத் தெரிஞ்சிருக்கு. உனக்குத்தான் தெரியல!"

லூக்காசி ஒரு சிப்பியை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

திரும்பும்போது, தீவுக்கும் கரைக்கும் நடுவில் படகை நிறுத்தச் சொன்னாள். புதுப்பெண்ணாக வந்தபோது இங்கே அவள் துடுப்புக்குத் தரை எட்டியதில்லை. இப்போது இறக்கினாள். அடியில் கல் தட்டியது.

எதிர்க்கரையில் ஒரு நரி உட்கார்ந்து தீவையே பார்த்துக்கொண்டிருந்தது.