இன்னும் ஆறு மாசம்

"இந்த மூலை ஒழுகும். மழை பெஞ்சா ஒரு வாளி வைக்கணும். அந்த ஜன்னல் முழுசா சாத்தாது. குளியலறைக் கதவு அப்பப்ப ஒட்டிக்கும், தோளால இடிச்சுத் திறக்கணும். இப்ப உள்ள வாங்க."

வீடு பார்க்க வந்தவர்கள் வாசலில் ஒரு காலும் கூடத்தில் ஒரு காலுமாக நிற்கும்போதே பல்லக்கா இதைச் சொல்லி முடித்துவிடுவாள். அவர்களுக்குப் பின்னால் நிற்கும் தரகர் நெற்றியைப் பிடித்துக்கொள்வார். "அக்கா, விக்கிற பொருளை நாமளே குறை சொல்லலாமா?" என்று அவர் கெஞ்சாத நாளில்லை. "தம்பி, புதுசா பல் செட்டு மாட்டினா முதல் வாரம் வலிக்கும்னு முன்னாடியே சொல்லிடணும். சொல்லலைன்னா கழட்டி நம்ம மூஞ்சியில எறிவாங்க" என்பாள்.

இருபத்தாறு வருஷமாக அவள் வேலை அதுதான். பல் மருத்துவர்கள் அனுப்பும் அச்சுகளில் பிளாஸ்டரை ஊற்றி, மெழுகில் ஈறு கட்டி, ஒவ்வொரு பல்லாக நட்டு, மெருகேற்றி அனுப்புவாள். எவ்வளவு தேய்த்துக் கழுவினாலும் நகக்கண்ணில் கொஞ்சம் இளஞ்சிவப்புத் தூள் இருக்கும். தெருக்காரர்கள் வைத்த பெயர் பல்லக்கா. ஆளைப் பார்க்கும்போது அவள் கண் முதலில் வாய்க்குத்தான் போகும். வீடு பார்க்க வந்து போனவர்களையும் அப்படித்தான் ஞாபகம் வைத்திருக்கிறாள். தெத்துப்பல் தம்பதி பேரம் பேசிவிட்டுக் காணாமல் போனார்கள். முன்பல் இடுக்குக்காரர் நான்கு முறை வந்து நான்கு முறையும் தண்ணீர் குடித்துவிட்டுப் போனார்.

அவளுடைய கடைவாய்ப் பற்களே தட்டையாகிவிட்டன. கூட வேலை செய்யும் பெண் ஒருநாள் விளையாட்டாக அவளுக்கு அச்செடுத்துப் பார்த்து, "என்னக்கா, தூக்கத்துல கல்லையா மெல்றீங்க?" என்றாள். "மூணு வருஷமா பல்லைக் கடிச்சுக்கிட்டுப் பொறுத்துக்கோன்னுதானே எல்லாரும் சொல்றாங்க. கடிச்சுக்கிட்டுத்தான் இருக்கேன்" என்றாள் பல்லக்கா. அன்றைக்கே, ராத்திரி மாட்டிக்கொண்டு தூங்கத் தனக்கென்று ஒரு பல் உறை செய்துகொண்டாள்.

அந்த மூன்று வருஷக் கதை இதுதான். விவாகரத்து ஆனபோது, வீட்டை விற்று இருவரும் சரிபாதியாக எடுத்துக்கொள்ளும்படி நீதிமன்றம் சொன்னது. விற்கிறவரை கீழ்த்தளம் அவளுக்கு, மேல்தளம் அவருக்கு. ஒருவர் கையெழுத்து இல்லாமல் மற்றவர் விற்க முடியாது. முதல் மாதமே நல்ல விலைக்கு ஆள் வந்தது. அப்போது அந்தத் தெருவில் வீடுகள் சூடாக விற்றுக்கொண்டிருந்தன. முன்னாள் கணவர் ஒரு கணக்கு வாத்தியார். அவர் சதுரக் கட்டம் போட்ட தாளில் ஒரு கோடு வரைந்து மாடிப்படி ஓரமாக ஒட்டினார். "பாரு, கோடு ஏறிக்கிட்டே போகுது. இன்னும் ஆறு மாசம் பொறுத்தா இதைவிட மேல போகும்" என்றார்.

ஆறு மாசத்தில் கடன் வட்டி ஏறியது. வாங்குகிறவர்கள் பையை மூடிக்கொண்டார்கள். கோடு மேலே போய், நின்று, படுத்துக்கொண்டது. வாத்தியார் தாளுக்குத் தாள் ஒட்டிக்கொண்டே போனார். கேட்டால் அதே பதில்: "இப்ப வித்தா நஷ்டம். இன்னும் ஆறு மாசம்."

அவர் கத்துகிற ஆள் இல்லை. கத்தினாலாவது பதிலுக்குக் கத்தலாம். ஒவ்வொரு முறையும் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "பொறுத்தார் பூமி ஆள்வார்" என்பார்.

"பூமியை நீங்களே ஆளுங்க. எனக்கு ஒரு ரூம் போதும்" என்பாள் பல்லக்கா. "இங்க விலை ஏறினா நான் வாங்கப்போற இடத்துக்கும்தானே ஏறும்? இது எந்த ஊர்க் கணக்கு வாத்தியாரே?" அதற்கு அவர் மறுநாள் தாளில் இன்னொரு புள்ளி வைப்பார்.

அவளுக்கு வேண்டியிருந்தது பெரிதாக ஒன்றுமில்லை. வேலை செய்யும் இடத்துக்குப் பக்கத்தில் இரண்டு அறை. வெயில் நேராக விழாத வெளிச்சம் வருகிற ஜன்னல். பல்லுக்கு நிறம் பார்க்க அந்த வெளிச்சம்தான் சரி. அப்படி இரண்டு இடங்கள் பார்த்தாள். இரண்டும் கையை விட்டுப் போயின. மூன்றாவதாக ஒன்று அமைந்தது. மருந்துக்கடைக்காரம்மாவுடைய வீடு. "உனக்காக மாசக் கடைசி வரைக்கும் வச்சிருக்கேன். அதுக்கு மேல என்னால முடியாதும்மா" என்று அந்த அம்மாள் சொல்லியிருந்தாள். வெளியூரில் இருக்கும் மகளிடம் போனில் சொன்னால், "அப்பாவும் பாவம்மா, கொஞ்சம் அனுசரிச்சுப் போயேன்" என்றாள். பல்லக்கா போனை வைத்துவிட்டு, துவைத்து மடித்திருந்த துணியையெல்லாம் மறுபடி வாளியில் போட்டுத் துவைத்தாள்.

அந்த மாதம்தான் ஆம்புலன்ஸ் ஓட்டுகிற பெண் ஒருத்தி தன் அம்மாவோடு வந்தாள். பல்லக்கா வழக்கம்போல வாசலிலேயே குறைகளை ஒப்பித்தாள். கைத்தடியோடு நின்ற அந்த அம்மாள் ஒழுகும் மூலை வரை நடந்து போய் அண்ணாந்து பார்த்தாள். "எங்க ஒழுகும்னு தெரிஞ்சா போதும்மா. நாங்க இருந்த வீட்டுல எங்க ஒழுகும்னு கடைசி வரைக்கும் தெரியல" என்றாள். தாயும் மகளும் சேர்ந்தாற்போலச் சிரித்தார்கள். இரண்டு பேருக்கும் ஒரே மாதிரி வரிசைப்பல். மறுநாளும் வந்து, கட்டில் எந்தச் சுவரோரம் போடலாம் என்று நாடா வைத்து அளந்தார்கள். கேட்ட விலையில் பத்தில் ஒரு பங்கு குறைத்துச் சொன்னார்கள். "இந்தத் தூங்குமூஞ்சி மார்க்கெட்ல இது லாட்டரிக்கா" என்றார் தரகர்.

வாத்தியார் படியில் நின்று கண்ணாடியைத் துடைத்தார். "அவசரப்பட வேண்டாம். இன்னும் ஆறு மாசம்."

"தூங்குறவனை எழுப்பலாம் தம்பி" என்று தரகரிடம் சொன்னாள் பல்லக்கா, கூரையைப் பார்த்தபடி. "தூங்குற மாதிரி நடிக்கிறவனை என்ன பண்றது?"

அடுத்த நாள் விடுமுறை. பிற்பகல் அவள் தேநீரோடு உட்கார்ந்தபோது தலைக்கு மேலே மிஷின் உறுமியது. சுவரைத் துளைக்கிற சத்தம். சுண்ணாம்புத் தூள் பொலபொலவென்று தேநீரில் விழுந்தது. அவள் கோப்பையைக் கீழே வைத்தாள். மூன்று வருஷமாக மிதிக்காத படிகளில் ஏறினாள்.

மாடி அறையில் வாத்தியார் சுவரில் ஒரு புத்தக அலமாரியைப் பொருத்திக்கொண்டிருந்தார். தரையிலிருந்து கூரை வரை நீளும் அலமாரி. மேசைமேல் கடைக்காரன் கொடுத்த உத்தரவாத அட்டை கிடந்தது. அவள் எடுத்துச் சத்தமாகப் படித்தாள்.

"பத்து வருஷம்."

"இது... வீடு பார்க்க வர்றவங்களுக்கு எடுப்பா இருக்கும்னுதான்..."

"விக்கப்போற வீட்டுல எவனாவது செவுத்தைத் தொளைச்சு அலமாரி மாட்டுவானா? யாரை ஏமாத்துறீங்க? மார்க்கெட் படுத்துக்கிச்சு, கோடு படுத்துக்கிச்சுன்னு மூணு வருஷமா என் காதுல பூ சுத்துனீங்களே, உங்களுக்கு விக்கிற எண்ணமே இல்லல்ல?"

வாத்தியார் மிஷினைக் கீழே வைத்தார். கண்ணாடியைக் கழற்றினார், துடைக்கவில்லை. "காலையில நீ கீழ குழாயைத் திறக்குற சத்தம் கேக்கும்" என்றார். "அது கேட்டாத்தான் எனக்கு விடிஞ்ச மாதிரி இருக்கும். வித்துட்டா அப்புறம்... தனியா ஒரு வீட்டுல நான் என்ன பண்ணுவேன்?"

வேறு யாராவது இருந்தால் அந்த இடத்தில் மனம் இளகியிருக்கலாம். பல்லக்காவுக்குக் காது மடல் வரை கொதித்தது. அவர் பேராசைக்காரர் என்று நினைத்துத்தான் அவள் மூன்று வருஷம் பொறுத்தாள். பேராசையையாவது மன்னிக்கலாம். இந்த மனிதர் தன் விடியலுக்காக அவள் வாழ்க்கையைச் சாவி போட்டுப் பூட்டி வைத்திருக்கிறார்! கூட வாழ்ந்த காலத்தில் ஒருநாளாவது "நீ இருக்கிற சத்தம் பிடிக்கும்" என்று சொன்னதுண்டா? சாப்பாட்டு மேசையில் விடைத்தாள் கட்டுக்குப் பின்னால் தலையைப் புதைத்துக்கொண்டு, "கொஞ்சம் சத்தம் போடாம இரேன்" என்று சொன்னவர்தானே.

"உனக்குச் சத்தம்தான் வேணும்னா ஒரு ரேடியோ வாங்கு" என்றாள்.

இருபத்திரண்டு வருஷத் தாம்பத்தியத்திலும், அதற்குப் பிந்திய மூன்று வருஷத்திலும், நீதிமன்றக் கூண்டில்கூட அவள் வாயிலிருந்து 'நீங்க' தவறியதில்லை. இப்போது அது உதிர்ந்து விழுந்தது இருவருக்கும் கேட்டது. வாத்தியார் நிமிர்ந்து பார்த்தார். அவள் அதைத் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை.

"எனக்கு ஐம்பத்தொண்ணு ஆகுது. வர்றவன் போறவனுக்கெல்லாம் என் படுக்கையறையைத் திறந்து காட்டிக்கிட்டு நிக்கிறேன். ரெண்டு வீடு கைநழுவிப் போச்சு. உனக்கு விடியணும்னு எனக்கு விடியவே விடல நீ. நாளைக்குக் காலையில தரகர் பேப்பரோட வருவாரு. கையெழுத்துப் போடு. போடலைன்னா நான் மறுபடி கோர்ட்டுக்குப் போறேன். நீயும் அங்க வந்து இந்தக் குழாய்க் கதையை ஜட்ஜுகிட்ட சொல்லு. உன் பள்ளிக்கூடத்துக்காரங்களும் கேக்கட்டும்."

"தேர்வு முடியட்டுமே. ரெண்டே மாசம்..."

"நாளைக்குக் காலையில" என்று சொல்லிவிட்டு அவள் இறங்கினாள். போகிற போக்கில் படியோரம் ஒட்டியிருந்த தாள்களை வரிசையாகக் கிழித்துக்கொண்டே வந்தாள். சுவர்ப்பூச்சும் சேர்ந்து வந்தது. வரட்டும், வாங்குகிறவர்களிடம் இதையும் சொல்லிவிடலாம்.

மறுநாள் வாத்தியார் கையெழுத்துப் போட்டார். பழக்கதோஷத்தில் சட்டைப்பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்துவிட்டார். தரகர் அவசரமாக நீலப் பேனாவைத் திணித்தார். விலையைப் பற்றி யாரும் பேசவில்லை.

மாதக் கடைசிக்கு மூன்று நாள் முன்னால் பதிவு அலுவலகத்தில் வேலை முடிந்தது. ஆம்புலன்ஸ் ஓட்டுகிற பெண் இருவருக்கும் நன்றி சொன்னாள். அவள் அம்மா பல்லக்காவின் கையைப் பிடித்து, "நிதானமாக் காலி பண்ணும்மா, பத்து நாள் ஆனாலும் பரவாயில்ல" என்றாள். "மூணு நாள் போதும்மா" என்றாள் பல்லக்கா.

வெளியே வந்தபோது நல்ல வெயில். வாத்தியார் இரண்டடி தள்ளி நின்று குடையை விரித்தார். அதைக் கொஞ்சம் அவள் பக்கமாகச் சாய்த்தார். "ஒரே வீட்டுக்குத்தானே போறோம். சேர்ந்தே பஸ்ல போயிடலாமா?"

அவள் வண்டிகளுக்கு நடுவே விறுவிறுவென்று சாலையைக் கடந்தாள். எதிர்ப்பக்கம், வீட்டுக்கு நேர்மாறான திசையில் போக ஒரு பஸ் புறப்பட்டுக்கொண்டிருந்தது. அது எந்த ஊருக்குப் போகிறது என்றுகூடப் பார்க்காமல், கம்பியைப் பிடித்து ஏறினாள்.