குப்புற விழுந்த எதிரி

மூன்று வருடங்களாக, வியாழக்கிழமைதோறும் மாலை ஆறரைக்கும் எட்டுக்கும் இடையில் நான் வெட்டுப்பட்டுச் செத்துக்கொண்டிருந்தேன். ஓகஸ்ட் மாதம் மட்டும் விடுமுறை.

இத்தாலியத் துறைமுக நகரம் ஒன்றில், போர்கோ வெக்கியோச் சந்தைக்குப் பின்னால் ஒரு உடற்பயிற்சிக்கூடம் இருக்கிறது. காலையில் இரண்டு வீடுகள், மாலையில் அந்தக் கூடம் என்று எனக்குத் துப்புரவு வேலை. கீழே குத்துச்சண்டை பழகுவார்கள். மேலே மரத்தரை போட்ட ஒரு மண்டபம். வியாழக்கிழமைகளில் அதை ஜப்பானிய வாள் பழகும் ஏழு பேர் எடுத்துக்கொள்வார்கள். நேரத்துக்கு முடிக்க மாட்டார்கள். நான் தண்ணீர் வாளியோடும் தும்புத்தடியோடும் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருப்பேன்.

அவர்கள் பழகுவது வாளோடு வாள் மோதும் கலை அல்ல. வாள் உறைக்குள் இருக்கும். ஆள் முழந்தாளிட்டு உட்கார்ந்திருப்பார். திடீரென்று உருவுவார். உருவுவதே முதல் வெட்டு. அடுத்து எழுந்து இன்னொரு வெட்டு. பிறகு வாளில் இல்லாத இரத்தத்தை உதறிவிட்டு, மிகவும் மெதுவாக உறைக்குள் போடுவார். முன்னால் ஒருவரும் இருக்க மாட்டார்கள். இதற்கு இயாய்தோ என்று பெயர். முதல் இரண்டு மாதமும் ஏதோ நாடகத்துக்கு ஒத்திகை பார்க்கிறார்கள் என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

பழக்குகிறவர் என் வயதுப் பெண். மருத்துவமனையில் மயக்க மருந்து கொடுக்கும் டாக்டர். எல்லோரும் தொத்தொரெஸ்ஸா, டாக்டரம்மா, என்பார்கள், நானும் அப்படித்தான் கூப்பிட்டேன். நோயாளியிடம் பத்திலிருந்து பின்னோக்கி எண்ணச் சொல்லும் அதே குரலில்தான் கழுத்தை எங்கே வெட்டுவது என்றும் சொல்வார். கண்ணுக்குத் தெரியாத எதிரியோடு மட்டும் பழகினால் மாணவர்கள் எதிரியைத் தங்களுக்கு வசதியான இடத்தில் உட்காரவைத்துவிடுகிறார்கள் என்பது அவருடைய குறை. அதனால் ஒரு ஆளை மரவாளோடு முன்னால் உட்காரவைத்து, எதிரி செய்வதை அப்படியே செய்யச் சொல்வார். அதைச் செய்துவந்த ஒரு பேக்கரிக்காரர் ஜெனோவாவுக்குக் குடிபோய்விட்டார். ஒரு வியாழக்கிழமை தொத்தொரெஸ்ஸா மண்டபத்தைச் சுற்றிப் பார்த்தார். எல்லோருக்கும் வெட்டத்தான் விருப்பம். வாசலில் நான் நின்றேன்.

"சிஞ்ஞோரா, பத்து நிமிடம் உட்கார முடியுமா?" என்று கேட்டார்.

உட்கார்ந்தேன். அவ்வளவுதான் நடந்தது.

ஏழு பேரில் ஒருவர் மதுரைத் தம்பி. முப்பத்திரண்டு, முப்பத்திமூன்று வயதிருக்கும். பல்கலைக்கழகத்தில் கடற்புல்லைப் பற்றி ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். என் இத்தாலிய மொழி தடுக்குகிற இடங்களில் அவர்தான் தமிழில் சொல்வார்.

"அக்கா, நீங்க எந்திரிக்கப் போறீங்க. அதனாலதான் அவங்க படுக்கை வாக்குல வெட்டுறாங்க. மேலருந்து வெட்டுனா நீங்க ஒதுங்கிருவீங்க. குறுக்கால வெட்டுனா எந்திரிச்சாலும் படும், உக்காந்தாலும் படும்."

"நான் பின்னுக்குப் போனா?"

"அதுக்கு வேற ஒண்ணு இருக்கு. கைய நீட்டக் கூடாது. முழங்கால நகத்தி முன்னாடி வரணும்."

அப்படித்தான் எல்லாவற்றுக்கும் வேறொன்று இருந்தது. எதிரியின் கை ஏற்கெனவே வாளின் பிடியில் இருந்தால் நெஞ்சை விட்டுவிட்டு மணிக்கட்டை வெட்ட வேண்டும். பக்கத்தில் சுவர் இருந்தால் குறுக்கே வீச முடியாது, ஆகவே நேராக மேலே உருவ வேண்டும். எதிரி இரண்டு பேர் என்றால் முதலில் பின்னால் இருப்பவனைக் குத்த வேண்டும், ஏனென்றால் முன்னால் இருப்பவன் எங்கே என்று தெரியும். ஒவ்வொன்றுக்கும் நான் ஒரு தடவை எழுந்தேன், ஒரு தடவை பின்வாங்கினேன், ஒரு தடவை யோசித்தேன். யோசிப்பது எப்படி என்று தொத்தொரெஸ்ஸாவைக் கேட்டபோது, ஒரு வினாடி அசையாமல் இருந்தால் போதும் என்றார். நான் வீட்டில் காஸை மூடினேனா என்று யோசித்தேன். மிகவும் நன்றாக இருந்தது என்றார்.

என் கணவர் துறைமுகத்தில் நேப்பிள்ஸ் கப்பலுக்குக் கார் ஏற்றும் வேலை செய்கிறார். சாப்பிடும்போது அவரிடம் சொன்னேன்.

"அப்ப உம்மை வெட்டுறதுதான் அவையின்ர வேலையோ?"

"ஓம். எனக்கு மரவாள் தாறவை."

"அவையளுக்கு?"

"அது இரும்பு மாதிரி. கூர் இல்லை."

இரண்டு வாய் சாப்பிட்டார். "விழேக்கை நோகாதோ?"

"பாய் விரிச்சிருக்கு."

"அப்ப சரி. குழம்பை இஞ்சாலை தள்ளும்."

வடிவங்கள் என்று அவர்கள் சொல்லும் வெட்டு வரிசைகளில் ஐந்தாவதில்தான் சண்டை தொடங்கியது. அதன் கதை இதுதான்: நீங்கள் எதிரியைக் குறுக்கே வெட்டுகிறீர்கள். அவன் பின்னால் சாய்கிறான். நீங்கள் ஓரடி முன்னால் வைத்து மேலிருந்து வெட்டுகிறீர்கள். அவன் விழுகிறான். நீங்கள் இரத்தத்தை உதறி, வாளை உறைக்குள் போட்டபடி ஒரு முழந்தாளில் இறங்குகிறீர்கள். ஆனால் அவன் இன்னும் சாகவில்லை. கிடந்தபடியே உங்கள் வலது காலின் முன்னெலும்பை வெட்ட வாளை வீசுகிறான். நீங்கள் காலைப் பின்னால் இழுத்து, பாதி உறைக்குள் போன வாளை மறுபடி உருவி, காலுக்கு முன்னால் தடுத்து, இந்தத் தடவை முடித்துவிடுகிறீர்கள்.

தொத்தொரெஸ்ஸா என்னை மல்லாந்து விழச் சொன்னார். மேலிருந்து வெட்டுப்பட்டவன் பின்னாலேதான் விழுவான் என்றார். "சரி" என்றேன். அவர் கத்திக்கொண்டு வெட்டினார். நான் குப்புற விழுந்தேன்.

"பின்னால், சிஞ்ஞோரா."

மறுபடி கத்தினார். மறுபடி நான் குப்புற விழுந்தேன். மூன்றாவது தடவை தம்பி வந்து எனக்குப் பக்கத்தில் மல்லாந்து விழுந்து காட்டினார். அழகாக விழுந்தார். நான் தலையாட்டினேன். தொத்தொரெஸ்ஸா கத்தினார். என் வயிறும் நெற்றியும் பாயில் பட்டன, இடது கை பிடரியை மூடிக்கொண்டது. வேலையைப் பிழையாகச் செய்கிறேனே என்று எனக்கு வெட்கமாகிவிட்டது. மிச்சத்தையாவது ஒழுங்காகச் செய்வோம் என்று, அவர் வாளை உறைக்குள் போட்டபடி இறங்கியபோது, கிடந்த கிடையிலேயே வலது கையால் மரவாளை வீசினேன்.

அது தொத்தொரெஸ்ஸாவின் முன்னெலும்பில் பட்டது. அந்தச் சத்தம் கீழே குத்துச்சண்டைக்காரர்களுக்கும் கேட்டிருக்கும். அவருடைய வாள் இன்னும் உறைக்குள்ளேயே இருந்தது.

அவர் உட்கார்ந்துவிட்டார். நான் குளிர்சாதனப் பெட்டியில் இருந்து ஐஸ் எடுத்துவர எழுந்தேன். அவர் என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"ஏன் முன்னால் விழுகிறீர்கள்?"

"பழக்கம்" என்றேன்.

"எங்கே பழகினீர்கள்?"

"என்ர நாட்டில."

அதைத் தமிழில் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. தம்பி மொழிபெயர்த்தார். பிறகு நானே எனக்குத் தெரிந்த இத்தாலிய மொழியில் சொன்னேன்: போரின் கடைசி நாலைந்து மாதம், குண்டுச் சத்தம் கேட்டால் எல்லோரும் விழுவோம். பங்கர் என்ற பதுங்குகுழி இருந்தால் அதற்குள், இல்லாவிட்டால் நின்ற இடத்தில். மல்லாந்து விழுந்த ஒருவரை நான் பார்த்ததில்லை, அதாவது உயிரோடு. முகமும் வயிறும் நிலத்துக்கு, கை பிடரிக்கு. பிள்ளைகளுக்கும் அப்படித்தான் காட்டிக்கொடுத்தோம். இது யோசித்துச் செய்வதில்லை.

இதைச் சொல்லிமுடிக்க ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. நான் இந்த நகரத்துக்கு வந்து பன்னிரண்டு வருடங்கள் ஆகியிருந்தன. இதற்கு முன் இதை இத்தாலிய மொழியில் அகதி அலுவலகக் காகிதங்களுக்காக மட்டும்தான் சொல்லியிருந்தேன். அப்போது எப்படி விழுந்தீர்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை.

தொத்தொரெஸ்ஸா காற்சட்டையை உயர்த்தித் தன் காலைப் பார்த்தார். வீங்கத் தொடங்கியிருந்தது. "மல்லாந்து படுங்கள்" என்றார். படுத்தேன். என் பாதங்கள் அவர் பக்கம், தலை அந்தப் பக்கம். "இப்போது என் காலை வெட்டுங்கள்." வீசினேன். மரவாள் என் முழங்காலைத் தாண்டவில்லை. அவருடைய கால் இன்னும் ஒரு முழத்துக்கு அப்பால் இருந்தது.

"எழும்பி இருந்தால்தான் எட்டும்" என்றேன்.

"நீங்கள் எழும்பினால் எனக்குத் தெரிந்துவிடும். நான் காலைத் தடுக்க மாட்டேன். தலையை வெட்டிவிடுவேன்."

"ஓம், அதுதான் சரி" என்றேன். எனக்கே என் தலை மேல் அக்கறை இல்லாமல் போய்விட்டது.

பதினைந்து வருடங்களாக அவர் அந்த வடிவத்தைச் செய்துவந்திருக்கிறார். எட்டாத ஒரு வெட்டைப் பதினைந்து வருடங்களாகத் தடுத்திருக்கிறார். மயக்க மருந்து கொடுக்கிறவருக்கு ஆட்கள் எப்படி விழுவார்கள் என்று தெரியாதா என்று தம்பி மெதுவாகக் கேட்டார். "என்னிடம் வருகிறவர்கள் ஏற்கெனவே படுத்திருப்பார்கள்" என்றார் தொத்தொரெஸ்ஸா.

அன்று வீடு திரும்பும்போது சந்தையில் கத்தரிக்காய் வாங்க நினைத்திருந்தேன். வாங்காமல் சந்தை முழுவதையும் கடந்து, துறைமுகத்து மதில்வரை போய்விட்டேன். கவலையால் என்று சொல்ல முடியாது. பிழை என்று நினைத்த ஒன்று சரியாக இருந்ததால்தான் என்று நினைக்கிறேன்.

தொத்தொரெஸ்ஸா ஜப்பானில் இருந்த தன் ஆசிரியருக்குக் கடிதம் எழுதினார். நான் இரண்டு விதமாகவும் கிடக்கும் படங்களைத் தம்பி எடுத்து, தூரத்தை அளந்து எழுதி, கூடவே அனுப்பினார். என் உச்சந்தலையும் உள்ளங்காலும் தபாலில் ஜப்பானுக்குப் போயின. இரண்டு மாதம் கழித்துப் பதில் வந்தது. தொத்தொரெஸ்ஸா அதை வகுப்பில் வாசித்தார். "என் ஆசிரியர் காலத்தில் எதிரி முன்னால் விழுந்தான், என் காலத்தில் பின்னால் விழுகிறான், எப்போது மாறினான் என்று நான் கவனிக்கவில்லை, இரண்டையும் பழகுங்கள்" என்று அந்த ஆசிரியர் எழுதியிருந்தார். கீழே ஒரு குறிப்பு: எதிரி முன்னால் விழுவான் என்றால் இரண்டாவது வெட்டுக்கு நீங்கள் ஓரடி முன்னால் வைக்கக் கூடாது, வைத்தால் அவன் மேல் ஏறி நிற்பீர்கள், பின்னால் விழுந்தால் அவனுடைய இடுப்புவரை ஆழமாகப் போக வேண்டும், போகாவிட்டால் அவனுக்கு உங்கள் கால் எட்டாது.

"எதிரிக்கு எட்டுறதுக்காக நாம கிட்டப் போகணுமா?" என்று தம்பி கேட்டார். தொத்தொரெஸ்ஸா வாளை எடுத்து இரண்டு விதத்தையும் மாறிமாறிச் செய்யத் தொடங்கினார். நான் மாறிமாறி விழுந்தேன். மல்லாந்து விழுவதை அந்தக் குளிர்காலத்தில்தான் பழகினேன். கண்ணை மூடிக்கொள்ளாமல் கூரையைப் பார்க்க வேண்டியிருந்தது. அதுதான் கடினம். விழுவது ஒன்றும் இல்லை.

ஜூன் மாதம் மொண்டெல்லோக் கடற்கரையில் ஒரு விழாவுக்கு எங்களைக் கூப்பிட்டார்கள். மேடைக்குக் கீழே ஈர நீச்சலுடையோடு ஆட்கள் ஐஸ்கிரீம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ஐந்தாவது வடிவத்தை எதிரியோடு காட்டுவது என்று முடிவாகியிருந்தது. தொத்தொரெஸ்ஸா கத்தினார், வெட்டினார். நான் குப்புற விழுந்து அசையாமல் கிடந்தேன். அவர் இரத்தத்தை உதறினார். நான் வாளை வீச வேண்டிய அந்த நேரத்தில், முன்வரிசையில் இருந்த ஒரு சிஞ்ஞோரா தண்ணீர்ப் போத்தலோடு மேடையில் ஏறிவிட்டார்.

"வெயில்! பாவம், வெயில்!" என்று என் தலையைத் தூக்கி மடியில் வைத்து, வாயில் தண்ணீரை ஊற்றினார். தொத்தொரெஸ்ஸா வாள் பாதி உறைக்குள் இருக்க, ஒரு முழந்தாளில் அப்படியே காத்திருந்தார். எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் அந்த அம்மாவின் மனம் நோகும். ஆகவே குடித்தேன். முழுப் போத்தலும் முடிந்த பிறகுதான் அவர் மேடையை விட்டு இறங்கினார். ஆட்கள் கைதட்டினார்கள். என் கணவர் பின்வரிசையில் நின்று எல்லோரையும் விட உரக்கத் தட்டினார்.

"வீசினனீரோ?" என்று பிறகு கேட்டார்.

"எங்கை வீசுறது, வாய் நிறையத் தண்ணி."

செப்டெம்பரில் தொத்தொரெஸ்ஸா எனக்கு ஒரு வாளைத் தந்து, இனி வெட்டவும் பழகுங்கள் என்றார். பிடிக்கும் விதம், இடுப்பில் செருகும் விதம், கட்டைவிரலால் உறையில் இருந்து நெகிழ்த்தும் விதம் என்று இரண்டு மாதம் போனது. ஐந்தாவது வடிவத்துக்கு வந்தபோது எதிரியாகத் தம்பி உட்கார்ந்தார். கண்ணாடியைக் கழற்றிச் சுவரோரம் வைத்தார்.

"அக்கா, நான் முன்னாடி விழட்டுமா, பின்னாடி விழட்டுமா?"

"உங்களுக்கு எப்பிடி வருதோ அப்பிடி விழுங்கோ, தம்பி. நான் பாத்து நிக்கிறன்."

கத்தினேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. வெட்டினேன். அவர் பாதி சாய்ந்து, பாதி திரும்பி, இடது பக்கமாகச் சரிந்து, வாளைக் கை மாற்றி என் மற்றக் காலை நோக்கி வீசினார். அந்தக் காலை நான் காக்கவே இல்லை. நல்ல அடி.

தொத்தொரெஸ்ஸா எங்கள் இருவரையும் அப்படியே அசையாமல் இருக்கச் சொல்லிவிட்டு, அளவுநாடாவை எடுத்துவரப் போனார்.