ஜெர்மன் காருக்கு ஜெர்மன் நம்பர் பிளேட்

போன சனிக்கிழமை சான்டா கிளாராவில் நண்பர் சிவா சுந்தரம் வீட்டில் பார்ட்டி. மகள் நிலாவுக்குப் பிறந்த நாள். ஆனால் சிவாவுக்கு அன்றைய கதாநாயகி வேறு. டிரைவ்வேயில் நின்ற புது ஜெர்மன் கார்!

"சார், முன்னாடி வந்து பாருங்க" என்று என்னை இழுத்துப் போனார்.

முன் பம்பரில் நீளமான வெள்ளைத் தகடு. ஓரத்தில் நீலப் பட்டை, நட்சத்திர வட்டம். நடுவில் கொட்டை எழுத்தில்: எம் – எஸ்எஸ் 88.

"எம்னா மியூனிக், கார் பொறந்த ஊரு. எஸ்எஸ் என் இனிஷியல். நான் பொறந்தது எய்ட்டி எய்ட். ஆன்லைன்ல ஆர்டர் பண்ணேன்!"

கலிபோர்னியாவில் முன்பக்கமும் மாநில பிளேட் வேண்டுமே என்றேன்.

"அதெல்லாம் யார் சார் பாக்குறா?"

சென்னையில் பைக் நம்பரை மறைத்துத் தலைவர் படம் ஒட்டுகிறவரும் இதையேதான் சொல்கிறார்.

அப்புறம் ஜெர்மன் நம்பர் பிளேட் பற்றி லெக்சர். இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஜெர்மனியைப் பங்கு போட்ட நாடுகள் ஆளுக்கொரு எழுத்து கொடுத்தனவாம். பிறகு ஊர்ப்பெயரின் எழுத்து வந்ததாம். பெரிய ஊருக்கு ஒரே எழுத்து, சின்ன ஊருக்கு மூன்று வரை. கறுப்புத் தகடு வெள்ளையானது. நீலப் பட்டை ஒட்டிக்கொண்டது. பி-க்கு ஒரு கோடு இழுத்து ஆர் ஆக்கித் திருடன் ஏமாற்றாதபடி எழுத்துகளையே மாற்றி வரைந்தார்களாம். சமோசா ஆறிக்கொண்டிருந்தது...

அப்போது க்ளாஸ் வந்தார். மியூனிக்கிலிருந்து மாற்றலாகி வந்திருக்கும் மேனேஜர். சிவாவின் புரமோஷன் அவர் கையில். சிவா முகமெல்லாம் பல்லாக அவரைக் கார் முன் நிறுத்தினார்.

க்ளாஸ் பார்த்தார். சிரிப்பு மறைந்தது.

"இது உங்களுக்கு எப்படிக் கிடைத்தது?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். "எஸ்எஸ் என்ற இந்த இரண்டு எழுத்தை எங்கள் நாட்டில் யாருக்கும் கொடுக்க மாட்டார்கள். நாஜிகளின் கொலைகாரப் படையின் பெயர் அது."

க்ளாஸ் நிறுத்தவில்லை. ஆங்கிலத்தில் எட்டாவது எழுத்து ஹெச். இரண்டு ஹெச் சேர்ந்தால் நாஜி சல்யூட்டின் முதலெழுத்துகள். இன்றைய நாஜிகள் ரகசியமாக எழுதிக்கொள்வது இந்த 88-ஐத்தான்.

"என் தாத்தா அந்தப் படையில் இருந்தவர். எங்கள் வீட்டில் அவர் போட்டோவை மாட்டுவதில்லை."

பக்கத்தில் நின்ற நிலா கேட்டாள். "அப்பா, டிட் யூ ஈவன் கூகுள் இட்?"

எழுத்தின் வளைவு வரைக்கும் ஆராய்ந்த மனிதர். எழுத்தை மட்டும் படிக்கவில்லை!

சிவா உள்ளே ஓடினார். இரண்டு இன்ஜினியர்கள் குடியிருக்கும் வீடு. ஒரு ஸ்க்ரூடிரைவர் இல்லை. கையில் கிடைத்த கத்தியோடு வந்து குனிந்தார்.

"ஏங்க, அது கேக் வெட்டுற கத்தி!" என்று மனைவி ப்ரியா அலறினார்.

க்ளாஸ் பாக்கெட்டிலிருந்து ஒரு காசை எடுத்தார். தரையில் மண்டியிட்டு அவரே ஸ்க்ரூவைத் திருகினார். தகட்டை இரண்டாக மடக்கிக் குப்பைத் தொட்டியில் போட்டார்.

"ஐ ஆம் சோ சாரி" என்றார் சிவா.

"தெரியும். தெரியாமல்தான் செய்தீர்கள்" என்றார் க்ளாஸ். உள்ளே வந்து கை கழுவி, நிலா கேக் வெட்டியபோது கை தட்டி, பிரியாணி வரைக்கும் இருந்தார். புரமோஷனைப் பற்றி அவரும் பேசவில்லை, சிவாவுக்குக் கேட்கும் தைரியமும் இல்லை.

அடுத்த ஊர்ப் பெருமையை ஆன்லைனில் தாராளமாக வாங்கலாம். அந்த ஊரின் வெட்கமும் அதே பார்சலில்தான் வரும்!