பெரியவருக்கு ஒரு சேதி

தினமும் எம்.ரெட்டியபட்டியில் பஸ் ஏறி, என் பக்கத்தில் உட்கார்ந்ததுமே அந்தப் பெரியவர் கேட்பார்: "இன்னைக்கு என்ன தம்பி சேதி?"

வெள்ளை வேட்டி, ரப்பர் பேண்ட் சுற்றிய செல்போன். தனியாக இருப்பவர். ஞாபகம் மங்காமலிருக்க யாருடனாவது பேசச் சொல்லியிருந்தார் டாக்டர். அதனால் தினமும் சாயங்காலம், டாக்டரே ஏற்பாடு செய்த ஒரு அம்மாவுடன் வீடியோ காலில் பேசுகிறார்.

"வீட்டுலயே கெடந்தா அந்தம்மாகிட்ட என்னத்தப் பேச? அதான் டவுனுக்கு வாரேன்."

ஒருநாள் வேறெதுவும் கிடைக்காமல் என் பல்வலியைச் சொன்னேன். "இடது பக்கம், கீழ, கடைசிப் பல்லு" என்று இறங்கும்வரை மனப்பாடம் செய்தார்.

மறுநாள் ஏறியதுமே, "பல்லக் காட்டியாச்சா? அந்தம்மா கேட்டாக" என்றார்.

"இல்லைங்கய்யா."

"அடடா! இன்னைக்கு அவுகளுக்கு நான் என்ன சொல்ல?"

ஆறு மாதமாகத் தள்ளிப்போட்டவன், அருப்புக்கோட்டையில் இறங்கி நேரே பல் டாக்டரிடம் போனேன்.