ராஜையனின் வாரண்டி வண்டி

காலையில் வண்டியைக் கிளப்பியதும் ராஜையன் உடனே ஓட்டிக்கொண்டு போக மாட்டார். இஞ்சினை ஓடவிட்டு இறங்கி வந்து, பானட்டின் மேல் காதை வைத்துக் கண்களை மூடிக்கொள்வார். கிள்ளிப்பாலத்தில் எங்கள் சந்துக்குள் நுழையும் பால்காரர் அதுவரை ஒதுங்கி நிற்க வேண்டியதுதான். பிறகு நிமிர்ந்து, மாடியில் பல் தேய்த்துக்கொண்டிருக்கும் என்னைப் பார்த்து, "சொகமாட்டு இருக்கு சாரே" என்பார். தம்முடைய சுகத்தைப் பற்றி இத்தனை நிச்சயமாக அவர் பேசி நான் கேட்டதில்லை.

வண்டி ஒரு டீசல் பிக்கப், வாங்கி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. வித்துரா சந்தையில் வாழைக்குலை ஏற்றி, சாலை பஜாரில் கொண்டுவந்து இறக்குவது தொழில். ராஜையன் மார்த்தாண்டத்துப் பக்கத்திலிருந்து வந்து, பாதி ஆயுளை அடுத்தவர் லாரிகளில் கழித்தவர். சொந்தம் என்று சொல்லிக்கொள்ள வந்த முதல் வண்டி இது. சீட்டின் பிளாஸ்டிக் உறையை இன்னும் பிரிக்கவில்லை. மத்தியான வெயிலில் முதுகைப் பிய்த்துக்கொண்டுதான் இறங்க வேண்டும். "வாரண்டி உள்ள வண்டியாக்கும்" என்று சொல்லும்போது மட்டும் குரல் தாழும். ஞாயிற்றுக்கிழமை சபையில் ஜெபம் சொல்லும்போதும் அதே குரல்தான்.

வியாபாரத்துக்கு லாயக்கில்லாத ஒரு குணம் உண்டு. குலைகளை வாழைச்சருகு சுற்றி, குழந்தையைப் படுக்க வைப்பதுபோல் அடுக்குவார். அப்படியும் ஒன்றிரண்டு நசுங்கும். கடைக்காரர் பார்ப்பதற்கு முன்பே, "இந்த ஏத்தன்குல வழியில அடிபட்டுப் போச்சு, கேட்டியளா" என்று தானே தூக்கிக் காட்டுவார். "நீரு வாயத் தொறக்காம இருந்தா என்னவே?" என்று கடைக்காரர்தான் தலையில் அடித்துக்கொள்வார்.

இப்படிப்பட்ட மனிதரின் தூக்கத்தைக் கெடுத்தவர் குற்றாலலிங்கம். அவருக்கும் அதே தொழில், அதே வகை வண்டி. ஆனால் நெடுமங்காடு தாண்டி ஏற்றம் தொடங்கியதும், முழங்கையை ஜன்னலுக்கு வெளியே நீட்டிக்கொண்டு ராஜையனை முந்திப் போவார். போகிற போக்கில் ஒரு ஹாரன் வேறு. விசாரித்ததில் ரகசியம் வெளிவந்தது. பாப்பனங்கோட்டில் விஜய்குமார் என்ற மெக்கானிக், சோப்புப் பெட்டி அளவில் ஒரு கறுப்புப் பெட்டியை இஞ்சினில் மாட்டிக் கொடுக்கிறாராம். மாட்டினால் வண்டி கூடுதலாக இழுக்குமாம்.

"ஒரு வாரம் ஓட்டிப் பாருங்க அண்ணாச்சி. சர்வீசுக்கு விடும்போது கழட்டி வச்சிட்டா கம்பெனிக்காரனுக்கு அவன் அப்பன் வந்தாலும் தெரியாது" என்று விஜய்குமார் ஆசை காட்டினார். கம்பெனிக்குத் தெரிந்தால் வாரண்டி ரத்து என்பதையும் மெல்லிய குரலில் சொன்னார்.

அன்றிலிருந்து ராஜையன் கேட்காத ஆளில்லை. டீக்கடையில் கேட்டார், என்னிடம் கேட்டார், பெட்டியின் பெயரைச் சொல்லாமல் போதகரிடமும் கேட்டார். கடைசியாக மனைவி லீலாபாயிடம் கேட்டார். அந்த அம்மாள் மீன் கழுவிக்கொண்டே கேட்டது இதுதான்: "மேல போவும்ப வண்டி காலி. கீழ வரும்பதான் லோடு. எறக்கத்துல ஒங்களுக்கு எதுக்கு இந்த வலிவு? நாளைக்கி இஞ்சின் போனா வாரண்டியும் இல்ல, பின்னே பழையபடி அடுத்தவன் லாரிக்குத்தான் போவணும்."

பதில் சொல்ல முடியாத கேள்வி. பதில் சொல்ல முடியாததாலேயே மறுநாள் போய் மாட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

வேடிக்கை பார்க்க நானும் ஏறிக்கொண்டேன். ஏற்றத்தில் வண்டி துள்ளியது. குற்றாலலிங்கத்தின் வண்டியை நெருங்கியதும் ராஜையன் ஜன்னல் கண்ணாடியை இறக்கி, முழங்கையை வெளியே வைத்து, ஹாரனை அடித்து முந்தினார். "கண்டீரா சாரே!" என்று பள்ளிக்கூடப் பையன்போலச் சிரித்தார். அந்தச் சிரிப்புக்காக நானே ஒரு பெட்டி வாங்கிக் கொடுத்திருப்பேன்.

சந்தோஷம் சந்தைவரைதான். குலை ஏற்றிக்கொண்டு திரும்பும்போது இஞ்சின் விளக்கு மஞ்சளாக எரிந்தது. வண்டி இருமியது, பிறகு நடைவேகத்துக்கு வந்துவிட்டது. ராஜையன் முகத்தில் ரத்தமே இல்லை. ஓரங்கட்டி, பெட்டியைக் கழற்றினார். விளக்கு அணையவில்லை. டூல்ஸ் பெட்டியில் வைத்தால் கண்டுபிடித்துவிடுவார்கள் என்று, ஒரு குலையின் சருகுக்குள் அதைச் செருகிக் கட்டினார். லோடோடு ஊர்ந்து கம்பெனியின் சர்வீஸ் சென்டருக்குப் போய்ச் சேர்ந்தோம்.

வரவேற்பு மேஜையில் ஆர்ஷா என்ற இளம்பெண். அங்கிருந்த மெக்கானிக் வண்டியைப் பார்த்துவிட்டு வந்து சொன்னதைக் கம்ப்யூட்டரில் அடித்துக்கொண்டே சிரித்தாள். "ஒரு சென்சர் மாற்றணும், அண்ணா. வாரண்டி உண்டல்லோ, பைசா வேண்டா."

ராஜையன் விட்ட பெருமூச்சில் மேஜைக் காகிதம் பறந்தது. நான்கூட மனத்துக்குள் விஜய்குமாரை மெச்சிக்கொண்டேன்.

"வண்டியில் வேறே எந்தெங்கிலும் பிடிப்பிச்சிட்டுண்டோ?" என்றாள் ஆர்ஷா. கூடுதலாக ஏதாவது மாட்டியிருக்கிறதா என்று வருகிற எல்லோரிடமும் கேட்பதுதான். திரையிலிருந்து கண்ணைக்கூட எடுக்கவில்லை. இல்லை என்று ஒரு சொல் போதும்.

ராஜையன் வாயைத் திறந்தார். நான் மேஜைக்கடியில் அவர் காலை மிதித்தேன். அவர் காலை உருவிக்கொண்டு எழுந்து வெளியே போனார். கண்ணாடிக்கு அப்பால், லோடின் மேல் ஏறி ஒவ்வொரு குலையாகத் தடவிப் பார்ப்பது தெரிந்தது. பிறகு ஒரு பெரிய ஏத்தன்குலையைத் தோளில் சுமந்துகொண்டு உள்ளே வந்தார். அதைக் கம்ப்யூட்டருக்குப் பக்கத்தில் மெதுவாகப் படுக்கவைத்து, விழித்துப் பார்த்த ஆர்ஷாவின் முன்னால் சருகை ஒவ்வொன்றாக விலக்கத் தொடங்கினார்.