சல்லடையில் தங்கிய பெயர்

எங்கள் டேட்டா கம்பெனியில் வாடிக்கையாளர் பட்டியல்களைச் சுத்தம் செய்பவருக்குச் சல்லடை என்று பட்டப்பெயர். பட்டியலிலிருந்து நீக்க வேண்டிய இறந்தவர் பெயர் எதுவும் அவர் கண்ணுக்குத் தப்பியதில்லை. காலமான தன் மனைவியை மட்டும் ஒரு துணிக்கடைப் பட்டியலில் வேண்டுமென்றே விட்டுவைத்திருந்தார். அதனால் வருடந்தோறும் அவள் போனுக்குப் பிறந்தநாள் வாழ்த்து வந்துகொண்டிருந்தது.

புதிய தலைவர் வந்ததும் கம்பெனியை ஏஐ யுகத்துக்குள் தரதரவென்று இழுத்துப் போனார். ஏஐ முதல் நாளே அவர் மனைவியின் பெயரைப் பிடித்து நீக்கியது.

"சல்லடைன்னா ஓட்டை இருக்கும்தான் சார், அதுக்காக இவ்வளவு பெருசாவா?" என்றார் தலைவர். எல்லாரும் சிரித்தார்கள். சல்லடையும் கடமை தவறாமல் சிரித்தார்.

மனைவியின் இந்த வருடப் பிறந்தநாளன்றும் அவள் போனுக்குச் சார்ஜ் ஏற்றி மடியில் வைத்திருந்தார்.

"அம்மாவுக்கு இன்னும் வாழ்த்து வரலையாப்பா?" என்றாள் மகள்.

"கடைக்காரன் மறந்துட்டான் போலம்மா."