தம்பியைத் தூக்கிக்கிட்டு ஓடிரு

தூளிக்குள் எட்டிப் பார்த்த அம்மா, துணியை விலக்கிப் பிடித்தபடியே என் பக்கம் திரும்பி, “இது யாரூட்டுப் புள்ள கண்ணு?” என்று கேட்டாள். கேலி செய்கிறாள் என்று நினைத்துச் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. உள்ளே என் தம்பி, பிறந்து ஒரு மாதம்கூட ஆகாதவன், கையை வாயில் திணித்துச் சப்பிக்கொண்டிருந்தான். வெளியே நல்ல வெயில். பலா மரத்தடியில் கோழிகள் கிளறிக்கொண்டிருந்தன. அம்மா மறுபடியும் அதையே கேட்டாள். வழிப்போக்கரிடம் ஊர் விசாரிப்பது போல அவ்வளவு மரியாதையான குரல். அப்போதுதான் நான் சிரிப்பதை நிறுத்தினேன்.

எனக்கு அன்று பத்து வயதிருக்கும். ஐம்பதுகளின் தொடக்கம். கொல்லிமலையில் ஆலத்தூர் நாடு என்கிற பகுதிக்குள் புல் வேய்ந்த சில வீடுகள்தான் எங்கள் ஊர். மலைக்கு ரோடு வராத காலம். அடிவாரத்து முள்ளுக்குறிச்சிக்கு இறங்குவதென்றால் காட்டுவழியில் நடக்க வேண்டும். அப்பாவுக்குச் சாமையும் கேழ்வரகும் விளைகிற கொஞ்சம் நிலமும், மிளகுக் கொடி படர்ந்த பலா மரங்களும் இருந்தன. மிளகு பறிக்க அம்மாதான் ஏறுவாள். ஒற்றை மூங்கிலை மரத்தில் சாய்த்து, அதன் கணுக்களில் கால் விரலை ஊன்றி அவள் மேலே போகப் போக, கீழே மூங்கிலைப் பிடித்துக்கொண்டு நிற்கும் அப்பாவுக்குத்தான் கால் நடுங்கும். பயம் என்பதே அறியாதவள் என்று ஊரில் சொல்வார்கள். வீட்டுப் படியேறி வந்தவர் யாராக இருந்தாலும் ஒரு வாய் களி தின்னாமல் அனுப்ப மாட்டாள்.

தம்பி பிறந்த பிறகு அவளுக்குத் தூக்கம் போயிற்று. முதலில் அது யாருக்கும் பெரிதாகப் படவில்லை. கைக்குழந்தைக்காரிக்கு ஏது தூக்கம் என்றார்கள். பிறகு வேலை செய்யத் தொடங்கினாள். பெருக்கிய வாசலையே பெருக்குவாள், கழுவிய சட்டியையே கழுவுவாள். யாரோ பேசுவதைக் கேட்பவள் போல நடுவில் நின்று தலையைச் சாய்த்துக்கொள்வாள். ஒரு நாள் என்னைப் பக்கத்தில் இழுத்து உட்கார வைத்துத் தலைவாரியபடி விவரமாகச் சொன்னாள். “நம்ம புள்ளய மாத்திட்டாங்க கண்ணு. ஓடைக்கு அந்தப் பக்கம் இருக்கறவங்க எடுத்துட்டுப் போயிட்டாங்க. இத திருப்பிக் குடுத்துட்டா நம்மளுத குடுத்துருவாங்களாமா.” சொல்லிக்கொண்டே என் பின்னலை இறுக்காமல், வலிக்காமல் முடிந்தாள். அவள் கத்தியிருந்தால், அடித்திருந்தால், நான் அழுதிருப்பேன். அவள் அன்பாக இருந்ததுதான் எனக்குத் தாங்க முடியாத பயமாக இருந்தது. அப்பாவிடம் சொன்னேன். அவர் தம்பி கிடந்த தூளியையே பார்த்துக்கொண்டிருந்தார். மறுநாளிலிருந்து காட்டு வேலைக்குப் போகும்போது, “அம்மாவ உட்டு நகராத சாமி” என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போவார். வேறு என்ன செய்வதென்று அவருக்கும் தெரியவில்லை.

ஒரு நடுப்பகலில் அம்மா தம்பியைக் குளிப்பாட்டி, பொட்டு வைத்து, மிளகுக் கூடையில் பழைய சேலையை மெத்தென்று மடித்துப் போட்டு அவனைப் படுக்க வைத்தாள். கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஓடைப் பக்கம் இறங்கினாள். நான் பின்னாலேயே ஓடினேன். “எங்கம்மா போற?” என்றதற்கு, “குடுத்துட்டு வாரேன்” என்றாள். மேல் மலையில் மழை பெய்திருந்தது. ஓடைத் தண்ணீர் செம்மண் நிறத்தில் வந்துகொண்டிருந்தது. முழங்கால் தண்ணீரில் இறங்கி, நடுவிலிருந்த தட்டைப் பாறையின் மேல் கூடையை வைத்துவிட்டு, எதிர்க்கரையைப் பார்த்துக் கும்பிட்டாள். பிறகு கரையேறி வந்து என் கையைப் பிடித்து, “வா, நாம நின்னா அவங்க வர மாட்டாங்க” என்றாள். பாறையின் விளிம்பைத் தண்ணீர் நக்கிக்கொண்டிருந்தது. என்னால் அவள் பிடியிலிருந்து கையை விடுவிக்க முடியவில்லை. ‘அது தம்பிதான்’ என்று அதற்கு முன் எத்தனையோ முறை சொல்லிப் பார்த்திருந்தேன். அந்தச் சொல் அவளிடம் போய்ச் சேரவே இல்லை. அன்று தம்பி வீறிட்டு அழுதபோது வேறொன்று என் வாயில் வந்தது.

“அம்மா, அதுக்குப் பசிக்குது. யாரூட்டுப் புள்ளயா இருந்தாலும் பசியோட அனுப்பலாமா?”

அம்மா நின்றாள். என் கையை விட்டாள். ஆமாம், அது தப்பு என்பது போலத் தலையை ஆட்டிக்கொண்டு மறுபடியும் தண்ணீரில் இறங்கினாள். பாறை மேல் உட்கார்ந்து, கூடையிலிருந்து தம்பியை எடுத்து மாரோடு அணைத்துப் பால் கொடுத்தாள். தண்ணீர் அவள் சேலையை இழுத்துக்கொண்டிருந்தது. நான் அத்தையைக் கூப்பிட்டுக் கத்தினேன். அத்தை என்றால் அப்பாவின் அக்கா. ஓடைக்கு மேலே அவளுடைய கேழ்வரகுக் கொல்லை. அவள் ஓடி வந்து சேரும் வரை தம்பி பால் குடிப்பதை நிறுத்தக் கூடாதே என்று நான் கும்பிட்டேன். எந்தச் சாமியை என்று நினைவில்லை. அத்தை தண்ணீரில் இறங்கி, “நான் கொண்டுபோய்க் குடுத்துட்டு வாரேன், என்கிட்டக் குடு அம்மிணி” என்று கையை நீட்டியதும் அம்மா நிம்மதியாகக் கொடுத்துவிட்டாள். அம்மாவும் பின்னாலேயே கரையேறினாள். அத்தை தம்பியோடு சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

அதன் பின் தம்பி அத்தை வீட்டில் ஆட்டுப்பாலில் வளர்ந்தான். அம்மாவுக்குப் பேய் பிடித்திருக்கிறது என்று பூசாரியை வரவழைத்தார்கள். வேப்பங்குலையால் அடிக்கத் தொடங்கியவர் பிறகு கயிற்றை முறுக்கிக்கொண்டார். இரண்டாவது அடியில் அப்பா குறுக்கே போய் விழுந்தார். “போதுமுங்க. நான் கீழ கூட்டிட்டுப் போறேனுங்க” என்றார். முள்ளுக்குறிச்சியில் மருந்து கொடுக்கும் கம்பவுண்டர் ஒருவர், பட்டணத்தில் இதற்கென்றே ஆஸ்பத்திரி இருக்கிறது என்று அப்பாவிடம் எப்போதோ சொல்லியிருந்தாராம். விடிந்ததும் புறப்பட்டார்கள். வழியில் ஓடிவிடக் கூடாது என்று அம்மாவின் இடுப்பில் கயிறு. அதன் மறுமுனையை அப்பா கையில் பிடித்துக்கொள்ளவில்லை, தன் இடுப்பில் கட்டிக்கொண்டார். காட்டுவழி திரும்பும் இடத்தில் அம்மாவின் தலை மறைந்தது. இனி வர மாட்டாள் என்று நினைத்தேன். வந்துவிடுவாளோ என்றும் பயந்தேன். இரண்டும் ஒரே நெஞ்சில் இருந்தன.

சாமை அறுத்து முடித்த காலத்தில் திரும்பி வந்தாள். தலைமுடியைக் கத்தரித்திருந்தார்கள். முகம் ஊதி, நடை மெதுவாகி, கேட்ட கேள்விக்குச் சற்று நேரம் கழித்துப் பதில் சொன்னாள். தவழ்ந்துகொண்டிருந்த தம்பி அவளைக் கண்டு அத்தையின் காலைக் கட்டிக்கொண்டான். அவள் அவனைத் தூக்கவில்லை. என்னைப் பார்த்து, “தூக்கட்டுமா கண்ணு?” என்றாள். பெற்றவள், பத்து வயதுப் பெண்ணிடம் அனுமதி கேட்கிறாள். நான் அத்தையைப் பார்த்தேன். அத்தை வேறெங்கோ பார்த்தாள்.

தம்பி எங்கள் வீட்டுக்குத் திரும்பிய பிறகும் அந்த ஆஸ்பத்திரியைப் பற்றி அம்மா அதிகம் பேசியதில்லை. “அங்க கதவுக்குத் தாழ்ப்பா வெளிப்பக்கந்தான் கண்ணு” என்று ஒரு முறை சொன்னாள். வைத்தியம் என்று தலையில் மின்சாரம் வைத்ததைப் பற்றிக் கேட்டால் நெற்றிப்பொட்டைத் தொட்டுப் பார்த்துக்கொள்வாள். ஆனால் புளி உடைத்துக்கொண்டிருந்த ஒரு பகலில், கேட்காமலேயே, கொட்டையைத் தட்டுவதை நிறுத்தாமல், இதைச் சொன்னாள்:

“இது திரும்பி வருமாமா. டாக்டரு சொன்னாரு. மொதல்ல எனக்குத் தூக்கம் போயிரும். அப்பறம் தூரத்துச் சத்தமெல்லாம் காதுக்குள்ள கேக்கும். அதுவரைக்கும் நான் நானாத்தான் இருப்பேன். அப்பவே சொல்லிருவேன். நான் சொன்னா ஏன் எதுக்குன்னு கேக்காத. தம்பியைத் தூக்கிக்கிட்டு அத்தை ஊட்டுக்கு ஓடிரு. பின்னாலயே வந்து நான் கூப்புடுவேன். அது நான் இல்ல. திரும்பாத.”

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் பயம் ஒரு ஆளைப் போல உடன் வாழ்ந்தது. காலையில் எழுந்ததும் நான் அம்மாவின் கண்ணைத்தான் பார்ப்பேன். சிவந்திருந்தால் எனக்குச் சோறு இறங்காது. அவள் கொஞ்சம் கூடுதலாகச் சிரித்தால் பயம்; பேசாமல் இருந்தால் பயம்; வாசலை இரண்டு முறை பெருக்கினால் துடைப்பத்தை வாங்கி வைத்துவிடுவேன். நான் பார்ப்பது அவளுக்கும் தெரியும். சில நேரம் தானாகவே, “தூங்கினேன் கண்ணு, நல்லாத் தூங்கினேன்” என்பாள்.

தம்பி ஓடியாடுகிற வயதில் அது வந்தது. நான் களி கிண்டிக்கொண்டிருந்தேன். அம்மா உள்ளே வந்து கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். விரல்கள் வெளுத்திருந்தன. “கண்ணு, ஓடு” என்றாள். அவ்வளவுதான். அடுப்பில் இருந்ததை அப்படியே விட்டு, தம்பியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு ஓடினேன். கொல்லையைத் தாண்டுவதற்குள் பின்னாலிருந்து குரல் வந்தது. “சாமி, இங்க வா. ஒண்ணும் ஆகல. சும்மா சொன்னேன். தம்பிக்குச் சோறு ஊட்டணுமில்ல?” நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது என்னைத் தூக்கத்திலிருந்து எழுப்பிய அதே குரல். தம்பி என் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்து, “அம்மா அழுவுது” என்றான். இன்றும் சில சமயம் அந்த வழியில் நான் ஓடிக்கொண்டிருப்பது போலத் தோன்றும். திரும்பவில்லை. அத்தை வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்ட பிறகுதான், என் காலில் முள் ஏறியிருப்பதே தெரிந்தது. அந்த முறை அப்பா கயிற்றைத் தேடியபோது, அம்மாவே எடுத்து வந்து தன் இடுப்பில் கட்டிக்கொண்டு முடிச்சைக் காட்டி, “சரியா இருக்குதா பாருங்க” என்றாளாம்.

அறுபதுகளின் நடுவில் எனக்குக் கல்யாணமாயிற்று. முள்ளுக்குறிச்சிக்கு இறங்கிக் குடியேறிய எங்கள் சனத்திலேயே மாப்பிள்ளை. கட்டட வேலைக்குச் சேலம் போய் வாரக் கடைசியில் வருவார். அம்மாவின் நோய் அந்த வீட்டில் எல்லோருக்கும் தெரியும். யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. நான் பிள்ளை உண்டானதும் மாமியாரின் கண் என் முகத்தைச் சுற்றத் தொடங்கியது. அந்தப் பார்வையை எனக்குத் தெரியும். நானே பல வருடம் பார்த்த பார்வை அது.

மகள் பிறந்தாள். எனக்கும் தூக்கம் போயிற்று. கண்ணை மூடினால் பாறையும் செம்மண் தண்ணீரும். ரோட்டில் போகிற லாரிச் சத்தம் தலைமாட்டில் கேட்பது போல இருந்தது. குழந்தையைத் தூக்கவே பயந்தேன். குளிப்பாட்டும்போது பாதியிலேயே மாமியாரிடம் கொடுத்துவிட்டேன். அம்மாவுக்குச் சொல்லி அனுப்பினேன். அவள் கூடை நிறைய வாழைப்பழத்தோடு மலையிறங்கி வந்தாள். மாமியார் வாங்க என்றாள். ஆனால் குழந்தையை மடியிலிருந்து இறக்கவில்லை. அம்மா அதைத் தப்பாக நினைக்கவில்லை. எட்டியே உட்கார்ந்து என்னைத்தான் பார்த்தாள்.

கிணற்றடியில் தனியாக இருந்தபோது சொன்னேன். “அம்மா, எனக்கும் வந்துருச்சு.”

அவள் என்னைத் தேற்றவில்லை. டாக்டர் கேட்பது போல ஒவ்வொன்றாகக் கேட்டாள். “யாராச்சும் பேசறது கேக்குதா?” இல்லை என்றேன். “புள்ள உன் புள்ளதான்னு மனசுல படுதா?” படுகிறது என்றேன். “பின்ன என்ன பண்ணுது?”

“பயமா இருக்குதும்மா. நான் ஏதாச்சும் பண்ணிருவேனோன்னு பயமா இருக்குது.”

அம்மா என் முகத்தை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டாள். “அன்னைக்கு ஓடையில எனக்குப் பயமே இல்ல கண்ணு” என்றாள். “துளிகூட இல்ல. அதான் நோவு. உனக்குப் பயம் இருக்குதில்ல? உட்டுராத. போய்ப் படு. நான் முழிச்சிருக்கேன்.”

நான் தூங்கினேன். பால் கொடுக்க மட்டும் எழுப்புவார்கள், மறுபடியும் தூங்குவேன். விழிக்கும்போதெல்லாம் அம்மா கதவோரம் உட்கார்ந்திருப்பாள். குழந்தை மாமியார் மடியில் இருக்கும். அம்மாவின் கண் என் மேல் இருக்கும். எனக்கு உடம்பு தேறி, லாரிச் சத்தம் ரோட்டுக்கே திரும்பிப் போன ஒரு காலையில், அம்மா கூடையை எடுத்துக்கொண்டு வந்து நின்றாள். கண் சிவந்திருந்தது.

“என்னைய பஸ் ஏத்தி உட்ருங்க. எனக்குத் தூக்கம் போயிருச்சு. சத்தம் இன்னும் கேக்கல. அதுக்குள்ள போயிறணும்.”

என்னைத் தூங்க வைப்பதற்காகத் தன் தூக்கத்தைக் கொடுத்திருக்கிறாள். அதற்கு என்ன விலை என்று அவளுக்குத் தெரியும். எனக்கு அதுவரை தோன்றவே இல்லை. அப்பாவுக்குச் சொல்லி ஆள் அனுப்பலாம், சேலத்திலிருந்து என் கணவர் வரட்டும் என்று கெஞ்சினேன். கேட்கவில்லை. பஸ் வந்தது. கண்டக்டர் எங்கே போகணும் என்று கேட்டதற்கு, அம்மா எல்லோர் காதிலும் விழுகிற மாதிரி, “பட்டணத்துக்குப் போகணும் சாமி, மனசு கெட்டுப்போனவங்க ஆஸ்பத்திரிக்கு. எனக்குத்தான்” என்றாள். ஜன்னலோரம் அவள் உட்கார்ந்த இருக்கையில் இருந்தவர் எழுந்து பின்னால் போய்விட்டார். மாமியார் என் பக்கத்தில் நின்றிருந்தாள். குழந்தையை என் கையில் வைத்தாள். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு படியேறிப் போனாள். “தள்ளி உக்காருங்க சம்பந்தியம்மா. அம்மாந்தூரம் தனியாவா போவீங்க?” என்று அவள் சொன்னது கீழே நின்ற எனக்குக் கேட்டது.

அம்மா அந்த முறை சீக்கிரமே திரும்பிவிட்டாள். அதன் பிறகும் நோய் வந்தது, போனது. ஒவ்வொரு முறையும் முன்கூட்டிச் சொல்லிவிட்டுத்தான் போனாள். தம்பி பெரியவனான பிறகு அவனே கூட்டிப்போய்க் கூட்டி வந்தான். எல்லாம் முடிந்து, அவளும் போய், இத்தனை காலம் ஆன பிறகும் எனக்கு அந்த நாள்தான் நெஞ்சில் நிற்கிறது. புழுதி அடங்கும் வரை ரோட்டில் நின்றுவிட்டு வீட்டுக்குள் வந்தேன். நானும் குழந்தையும் மட்டும். அவள் பிறந்ததிலிருந்து நான் அவளோடு தனியாக இருந்ததே இல்லை. கதவைச் சாத்தவில்லை. சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, அவளை மடியில் கிடத்தி, என் நெஞ்சுக்குள் தேடிப் பார்த்தேன். பயம் இருந்தது. அப்பாடா என்று அவளைத் தூக்கி மாரில் போட்டுக்கொண்டேன்.